செங்கல்பட்டு – மாமல்லபுரம் பகுதி மண்ணில் நுண்நெகிழி மாசு

5 மில்லிமீட்டரை விடச் சிறிய நெகிழித் துணுக்குகள் நுண்நெகிழி எனப்படுகின்றன. பிரித்தானியக் கடல் உயிரியலாளர் ரிச்சர்ட் தாம்சனும் குழுவினரும் 2004-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே இச்சொல் பரவலானது. அக்கட்டுரை கடலைப் பற்றியது. அதற்குப் பின்வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் கடலையே நோக்கின. மண்ணிலும் இதைத் தேட வேண்டும் என்று பெர்லின் சூழலியலாளர் மத்தியாஸ் ரில்லிக் 2012-இல்தான் எழுதினார். நெகிழி செய்யப்படுவதும் விற்கப்படுவதும் வீசப்படுவதும் நிலத்தில் என்பதால், இந்த வரிசை சற்று விந்தையானதே.

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஒருபுறம் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வளரும் நகரங்கள், மறுபுறம் மாமல்லபுரத்தின் மணற்கரை, இடையில் ஏரிகளும் பாலாறும் பக்கிங்காம் கால்வாயும் இருப்பதால், நகர மண்ணில் விழும் துணுக்கு எவ்வாறு கடலைச் சேர்கிறது என்பதை அறிய ஏற்ற இடம் இது.

எங்கிருந்து வருகிறது

நுண்நெகிழி என்றதும் கிழிந்த கைப்பைதான் நினைவுக்கு வரும். வெயிலின் புறஊதாக் கதிர் பாலிஎத்திலீன் பையை நொறுங்கச் செய்கிறது. கால்களும் சக்கரங்களும் அதைப் பொடியாக்குகின்றன. மண்ணுக்குள் புதைந்த பகுதிக்கு வெயில் படாததால் அது நெடுங்காலம் அப்படியே கிடக்கும். துணிபோலத் தோன்றும் நெய்யப்படாத பைகளும் பாலிப்ரொப்பிலீனே; அவை வெயிலில் இழை இழையாக உதிர்கின்றன.

கண்ணில் படாத பெரிய மூலம் டயர். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் செயற்கை ரப்பர் துகள்கள் சாலையில் தேய்ந்து விழுகின்றன. மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் வழியாகப் பேருந்துகளும் லாரிகளும் ஓயாது செல்லும் சாலையின் ஓரமண்ணில் இவை படிந்து, மழைநீரோடு வடிகால்களுக்குச் செல்கின்றன. டயரில் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து உண்டாகும் நஞ்சே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோகோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் இறந்ததற்குக் காரணம் என்று 2020-இல் கண்டறியப்பட்டது.

கடற்கரையில் மூலங்கள் வேறு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்தன. அவற்றைத் தேய்த்துப் பழுதுபார்க்கும் இடத்தில் பிசினும் வண்ணமும் கலந்த தூள் மணலில் விழுகிறது. வலை சரிசெய்யும்போது அறுத்தெறியும் நைலான் நூல்களும் அங்கேயே கிடக்கின்றன. மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகள் விட்டுச்செல்லும் தட்டும் கோப்பையும் எளிதில் கண்ணில் படும், பொறுக்கவும் முடியும். நூல் துண்டை யாரும் பொறுக்குவதில்லை.

குப்பைமேட்டிலிருந்து கழிமுகம் வரை

இப்பகுதிக்கு வடக்கே பெருங்குடி குப்பைமேடு உள்ளது. சென்னையின் கழிவு பல பத்தாண்டுகளாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஒரு பகுதியிலேயே கொட்டப்பட்டது. அதே சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. பெருங்குடி, கொடுங்கையூர் மேடுகளைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரில் நுண்நெகிழி இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பள்ளிக்கரணையின் வெள்ளநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காடு – கோவளம் கழிமுகத்தில் கடலை அடைகிறது. அங்கிருந்து மாமல்லபுரம் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர்தான்.

மழை இதில் என்ன செய்யும் என்பதற்கு 2015 நல்ல சான்று. சென்னைக் கரையில் அவ்வாண்டு மார்ச்சிலும், பெருமழைக்குப் பின் நவம்பரிலும் நெகிழிக் குருணைகளைச் சேகரித்து ஒப்பிட்டனர். நவம்பரில் அவற்றின் அளவு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. கூவமும் அடையாறும் நிலத்திலிருந்து அடித்துவந்த புதிய குருணைகளே அவை என்று ஆய்வு முடிவு செய்தது. வடகிழக்குப் பருவமழை வரும்வரை மண் ஒரு கிடங்கு. மழை வந்ததும் கிடங்கின் கதவு திறக்கிறது.

எல்லாம் கடலுக்குப் போய்விடுவதுமில்லை. செங்கல்பட்டு நகரின் கழிவுநீரைப் பெற்றுவந்த கொளவாய் போன்ற ஏரிகளில் நீர் தேங்கி நிற்பதால் துகள்கள் வண்டலோடு அடியில் தங்குகின்றன. தூர்வாரும்போது அந்த வண்டல் மேலே வருகிறது. வண்டல் மண் வயலுக்கு உரம் என்பது பழைய வழக்கம்; நகர ஏரியின் வண்டலை அப்படியே நம்ப இன்று இடமில்லை.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது

2016-இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், இலைச்சருகோடு பாலிஎத்திலீன் துகள் கலந்து மண்புழுக்களுக்குக் கொடுக்கப்பட்டது. துகள் 28 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தபோது, 60 நாள்களில் இறப்பு கூடியது, வளர்ச்சி குறைந்தது. சாதாரணத் தெருமண்ணில் இவ்வளவு இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அதைவிடக் கவனிக்கத்தக்கது, புழுக்கள் துகள்களைத் தம் வளைகளுக்குள் இழுத்துச் சென்றது. மேலே விழுந்தது ஆழத்திற்குப் போக மழை மட்டும் வழியல்ல. பாலியெஸ்டர் இழைகள் மண்கட்டிகளின் உறுதியைக் குறைத்து, மண் நீரைப் பிடித்துவைக்கும் விதத்தை மாற்றுவதாக 2018-இல் ஜெர்மன் ஆய்வு காட்டியது. மாமல்லபுரம் போன்ற மணற்பாங்கான இடத்தில் துளைகள் பெரியவை என்பதால் சிறு துகள்கள் எளிதில் கீழிறங்கும். களிமண்ணில் அவை மேலடுக்கிலேயே சிக்கிக்கொள்ளும்.

எண்ணுவதில் உள்ள சிக்கல்

மண்ணைக் காயவைத்துச் சலித்து, செறிவான உப்புக் கரைசலில் கலக்கினால் இலேசான நெகிழி மிதக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு இலைதழை எச்சங்களை அழிக்கும். எஞ்சியதை அகச்சிவப்பு நிறமாலைமானியில் வைத்து இன்ன நெகிழி என்று அறிவர். ஆனால் செறிவான உப்புக் கரைசலின் அடர்த்தி சுமார் 1.2 மட்டுமே. கைப்பை நெகிழியான பாலிஎத்திலீன் (0.91–0.97) அதில் மிதக்கும், தண்ணீர்ப் பாட்டிலின் பெட் (1.38) மூழ்கிவிடும். அதற்குத் துத்தநாகக் குளோரைடு போன்ற கனத்த கரைசல் தேவை. டயர்த் துகளோ கரி கலந்த கறுப்பு நிறத்தால் அகச்சிவப்பை உறிஞ்சிவிடும். வேறு முறை வேண்டும். ஆகவே ஒரு கிலோ மண்ணில் இத்தனை துகள் என்று எந்த எண்ணைப் பார்த்தாலும், எந்தக் கரைசல், எந்த அளவு வரை எண்ணினார்கள் என்று பார்க்காமல் இரண்டு ஊர்களை ஒப்பிடக்கூடாது.

தடையும் அதன் எல்லையும்

தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. பைகளுக்குத் தடிமன் வரம்பு இல்லாத தடை அது. நெய்யப்படாத பைகளும் நெகிழி பூசிய காகிதக் கோப்பைகளும் அதில் அடங்கும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. இவை இனி விழப்போவதைக் குறைக்கலாம். டயரும் வலையும் வண்ணமும் இந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ளன. ஏற்கெனவே மண்ணில் இருப்பதும் அப்படியே.

பழைய குப்பைமேடுகளைத் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்கும் பணி இப்போது பல ஊர்களில் நடக்கிறது. பெரிய நெகிழி சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகச் செல்கிறது. சல்லடையில் இறங்கிய நுண்மண் தாழ்வான நிலங்களை நிரப்பப் பயன்படுகிறது. சல்லடைக் கண்ணை விடச் சிறிய நெகிழியும் அந்த மண்ணோடு சேர்ந்தே இறங்கும். அதனால் அதை எங்கே கொட்டுகிறார்கள் என்பது முக்கியமாகிறது. சாலை மேட்டின் அடியில் மூடப்பட்டால் ஒரு விளைவு. ஏரிக்கரையிலோ தோட்டத்திலோ கிணற்றருகிலோ பரப்பப்பட்டால் முற்றிலும் வேறு விளைவு.