மோதிரமா... உசிரா?

“உங்க மாப்பிள்ளை மோதிரம் பத்திரம்! ரூமிலேயே கழட்டி வச்சிட்டு வாங்க” - தென்காசி ஜங்ஷனில் இறங்கும்போதே மனைவி எச்சரித்தாள்.

“பதினெட்டு வருஷமா சோப்பு போட்டாலும் கழலாத மோதிரம். இன்னிக்கா கழலப் போகுது?” என்று ஜம்பமாகச் சிரித்தேன். ஐந்தாறு கிலோமீட்டரில் குற்றாலம். ஜம்பம் அங்கே கழன்றது!

ஜூலை மாதச் சாரல். மெயினருவி. மேலே பொங்குமாங்கடல் பள்ளத்தில் விழுந்து, வேகம் குறைந்த பிறகுதான் தண்ணீர் நம் தலைக்கே வருகிறது. அதற்கே முதுகில் நாலு பேர் மொத்துகிற மாதிரி இருந்தது! சில்லென்ற தண்ணீரில் விரல் சுருங்கும். போதாக்குறைக்கு நான் வெளியே எண்ணெய் மசாஜ் வேறு செய்துகொண்டு வந்திருந்தேன். (அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்புவுக்கு ஹைகோர்ட் மதுரைக் கிளை 2014-லேயே தடை போட்டாயிற்று. நம்ம சாமர்த்தியம் அப்படி!)

வழுக்கிக்கொண்டு போயே போச்சு மோதிரம்.

குனிந்து பாறை இடுக்கில் துழாவுகிறேன்... போலீஸ் விசில்! “தண்ணி கூடுது, எல்லாரும் வெளியே வாங்க!”

“ஒரே நிமிஷம் சார்... மோதிரம்...”

“மோதிரமா, உசிரா அண்ணாச்சி?” என்றபடி தோளைப் பிடித்து இழுத்தே விட்டார் போலீஸ்காரர்.

கரையேறித் திரும்பினால், பால் மாதிரி இருந்த அருவி காபி கலரில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுகிறது. நான் குனிந்திருந்த இடத்தையே காணோம்! 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு 17 வயதுப் பையனைப் பலி வாங்கியது ஞாபகம் வந்தது. கால் வெடவெடத்தது.

பொருட்காட்சி ராட்டினத்தில் “கண்ணாடி, செல்போனைக் கீழே வையுங்க” என்றால் மறுபேச்சில்லாமல் வைக்கிறோம். அங்கேயாவது இடுப்புக்கு பெல்ட், மெஷினை நிறுத்த ஆள் உண்டு. அருவிக்கு ஸ்விட்ச் ஏது சார்?

ஆகவே மகாஜனங்களே... மோதிரம், சங்கிலி, வளையல் எல்லாம் ரூமோடு. தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, செல்போன், கார் சாவி எல்லாம் குளிக்காமல் கரையில் நிற்பவர் கையில். அதையும் மீறி ஏதாவது விழுந்தால்? விழுந்தது விழுந்ததுதான். குனியாதீர்கள்!

மனைவி திட்டவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். பஸ் ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள்:

“தீபாவளிக்கு எங்கப்பாகிட்ட இன்னொண்ணு கேட்டுடாதீங்க!”