ஈன்ற மாடு படுத்துவிட்டதா? எந்த ரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லும்?

‘எங்கள் கலப்பின மாடு ஈன்றபோது நஞ்சுக்கொடி பாதி அறுந்து உள்ளேயே நின்றுவிட்டது. நான்காம் நாள் தீவனத்தைத் தொடவில்லை. டவுனில் உள்ள லேபில் ரத்தம் கொடுத்து சி.ஆர்.பி. பார்த்தோம். ‘நார்மல்’ என்று வந்ததால் ஒரு நாள் பொறுத்தோம். மறுநாள் விடியும்போது மாடு இல்லை. ரத்தம் நன்றாக இருந்தும் எப்படிச் செத்தது?’ ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து பால் மாடு வளர்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது.

அதே வாரம் ராஜபாளையத்திலிருந்து இன்னொரு கடிதம்: ‘என் ராஜபாளையம் நாய்க்குட்டிக்கு பார்வோ. டாக்டர் சி.ஆர்.பி. பார்த்துவிட்டு ஆபத்து என்றார். குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்டது. இந்தப் பரிசோதனையை மாட்டுக்கும் பார்க்கலாமா?’

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். நாய்க்கு உதவும் சி.ஆர்.பி. மாட்டுக்கு உதவாது.

முதலில், உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கருப்பையிலோ மடியிலோ கன்றின் தொப்புளிலோ தொடங்கும் தொற்று ரத்தம் வரை எட்டும்போது, கிருமியை எதிர்க்க உடம்பு காட்டும் வேகமே கட்டுமீறிப் போகிறது. ரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீரகமும் கல்லீரலும் அடுத்தடுத்துத் தளர்கின்றன. இதைத்தான் டாக்டர்கள் செப்சிஸ் என்கிறார்கள். இதைத் தொண்டை அடைப்பானோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பாஸ்டுரெல்லா என்ற குறிப்பிட்ட கிருமியால் வரும் தனி நோய். மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போட்டுத் தடுக்கலாம். செப்சிஸ் எந்தக் கிருமியாலும் வரும், தடுப்பூசி கிடையாது.

மாட்டின் கல்லீரல் பேசும் மொழி வேறு

தொற்று ஏற்பட்டதும் கல்லீரல் சில புரதங்களை அவசரமாகத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. சி.ஆர்.பி. அவற்றில் ஒன்று. 1930-ல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் இதை முதலில் கண்டார்கள். நாய்க்கும் இதுவே முக்கியப் புரதம். ஆரோக்கியமான நாயிடம் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் அளவு, தொற்று தொடங்கிய சில மணி நேரத்தில் ஏற ஆரம்பித்து, ஓரிரு நாளில் பல மடங்காகிவிடும். நாய்க்கென்று தயாரான கிட்டில் பார்ப்பது நல்லது.

மாட்டின் உடம்பு சி.ஆர்.பி.யை நம்பி இல்லை. அதன் வேலையை அங்கே ஹாப்டோகுளோபினும் சீரம் அமிலாய்டு-ஏ என்ற புரதமும் செய்கின்றன. நலமான மாட்டின் ரத்தத்தில் ஹாப்டோகுளோபின் அநேகமாக இருக்காது. தொற்று வந்தால் நூறு மடங்குக்கு மேலும் ஏறும். போதாததற்கு, மனிதருக்கான சி.ஆர்.பி. கிட் மனிதப் புரதத்தைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. மாட்டு ரத்தத்தை அதில் விட்டால் ‘நார்மல்’ என்று வருவதில் ஆச்சரியமில்லை. அந்த வார்த்தைக்கு அங்கே அர்த்தமே இல்லை.

ஆய்வுக்கூடங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. செப்சிஸ் ஆராய்ச்சி பெரும்பாலும் சுண்டெலிகளில் நடக்கிறது. சுண்டெலிக்கும் சி.ஆர்.பி. அவ்வளவாக ஏறாது, கிருமி நஞ்சையும் அது மனிதரைவிடப் பல மடங்கு தாங்கும். 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அழற்சியின்போது சுண்டெலியின் மரபணுக்கள் காட்டும் மாற்றம் மனிதரோடு பொருந்தவில்லை என்றது. பிறகு ஜப்பான் ஆய்வாளர்கள் அதே தரவை வேறு விதமாக அலசி, நன்றாகவே பொருந்துகிறது என்றார்கள். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் மனிதருக்குப் பார்க்கும் புரோகால்சிடோனின் சோதனை 1993-ல் குழந்தைகளிடம் செய்த ஆய்விலிருந்து வந்தது. கால்நடைகளில் அது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது. அதை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஹாப்டோகுளோபினும் எல்லா இடத்திலும் பார்க்கக் கிடைப்பதில்லை. கஷ்டப்பட்டு ஈன்ற மாட்டுக்குத் தொற்று இல்லாமலே அது சில நாள் ஏறியிருக்கும் என்பது வேறு.

குறைந்த செலவில் என்ன பார்க்கலாம்?

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம். அதைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது மிகப் பழைய சோதனை. மாட்டுக்கு இன்றும் இதைத்தான் முதலில் கேட்பேன். மனிதருக்குத் தொற்று வந்தால் வெள்ளணு கூடும் என்று நமக்குப் பழகிவிட்டது. மாட்டுக்குக் கடுமையான தொற்றின் முதல் ஓரிரு நாளில் வெள்ளணு குறையும். அதன் எலும்பு மஜ்ஜையில் கையிருப்பு குறைவு. இருந்ததெல்லாம் மடிக்கோ கருப்பைக்கோ ஓடிவிட, முதிராத இளம் அணுக்கள் ரத்தத்தில் இறங்கிவிடும். மாட்டுக்குச் சாதாரண அளவு ஒரு கன மில்லிமீட்டருக்கு 4,000 முதல் 12,000 வரை. 2,000 என்று வந்து, இளம் அணுக்களும் தெரிந்தால், அது ‘கூடவில்லை, பயமில்லை’ என்று சொல்லும் ரிப்போர்ட் அல்ல.

அடுத்தது ஃபைப்ரினோஜன். மெல்லிய குழாயில் ரத்தத்தைச் சுழற்றி, 56 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் மூன்று நிமிடம் வைத்து, மீண்டும் சுழற்றி, படிந்ததை அளப்பார்கள். மாட்டுக்கு டெசிலிட்டருக்கு 300 முதல் 700 மில்லிகிராம் வரை சாதாரணம். ஓரிரு நாள் கழித்துத்தான் ஏறும் என்பதால் முதல் நாள் ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது.

கையடக்க மீட்டரில் லாக்டேட், குளுக்கோஸ் பார்க்கும் டாக்டர்களும் உண்டு. லாக்டேட் ஏறினால் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள். அது தொற்றைக் காட்டாது, உடம்பு தாங்குகிறதா என்பதைக் காட்டும். ஒரு தடவை பார்ப்பதைவிட, சிகிச்சைக்குப் பிறகு இறங்குகிறதா என்று பார்ப்பதே பயன். செப்சிஸ் வந்த இளங்கன்றுக்கும் நாய்க்குட்டிக்கும் குளுக்கோஸ் சட்டென விழும். பார்வோ வைரஸ் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் ஒருசேர அரிப்பதால், குடல் கிருமிகள் ரத்தத்துக்குள் நுழையும்போது எதிர்க்க வெள்ளணு இருக்காது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை விட்டுவிட்டுத் தடுப்பூசி போடுவது அதனால்தான்.

ரத்தத்தை ஊசி போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். அணுக்களுக்கு ஊதா மூடிக் குழாய், சீரத்துக்குச் சிவப்பு மூடி, குளுக்கோஸ், லாக்டேட்டுக்குச் சாம்பல் மூடி. மற்ற குழாயில் விட்டால் வழியிலேயே அணுக்கள் சர்க்கரையைத் தின்றுவிடும். ஊதா மூடிக் குழாயை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. மனிதர் லேபின் தானியங்கிக் கருவி மாட்டு அணுக்களைத் தவறாக எண்ணக்கூடும். ராஜபாளையத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது; திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே எது பார்க்கப்படும் என்பதை மாடு நலமாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள்

எந்த ரிப்போர்ட்டும் டாக்டர் வருவதற்கு மாற்று அல்ல. ஈன்ற மாடு படுத்து, காது சில்லென்றிருந்தால், ‘பால் காய்ச்சல், கால்சியம் ஏற்றினால் எழுந்துவிடும்’ என்று பலரும் முடிவு கட்டுகிறார்கள். கடுமையான மடிநோயிலும் கருப்பைத் தொற்றிலும் மாடு அச்சு அசலாக அப்படித்தான் கிடக்கும். ரத்தத்தில் நஞ்சு ஏறிய மாட்டுக்கு நரம்பில் வேகமாகக் கால்சியம் ஏற்றினால் இதயம் நின்றுவிடும் அபாயம் உண்டு. ஆகவே முதலில் நான்கு காம்பிலும் பீச்சிப் பாருங்கள். பால் தண்ணீராக, வைக்கோல் நிறத்தில் வந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி முழுதாக விழுந்ததா, நாற்றம் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். மாட்டின் சாதாரண வெப்பம் சுமார் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். காய்ச்சல் 105 வரை ஏறி, பிறகு 100-க்குக் கீழே இறங்கினால் அது குணமல்ல, உடம்பு கைவிடுகிறது என்று பொருள். 1962-க்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

அந்த வாசகரின் மாட்டைப் பார்க்காமல் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அறுந்து நின்ற நஞ்சுக்கொடி, நான்காம் நாள் தீவன மறுப்பு, அடுத்த நாளே மரணம் என்ற வரிசை கருப்பையிலிருந்து ஏறிய செப்சிஸுக்குப் பொருந்துகிறது.

கன்றுகளைப் பற்றியும் ஒன்று. தாயின் நோய் எதிர்ப்பு சக்தி கருவிலேயே கன்றுக்குப் போவதில்லை. முழுக்கச் சீம்பால் வழியாகத்தான் போகும். எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பாலை முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்து, தொப்புளில் டிங்ச்சர் அயோடின் தடவுங்கள்.

மருந்து போட்ட மாட்டின் பாலை, லேபிளில் சொன்ன நாள் முடியும்வரை சொசைட்டிக்கும் பால்கோவாக் கடைக்கும் ஊற்றக் கூடாது. காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். முழுதாகப் போகாது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில், பாலைச் சுண்டக் காய்ச்சும்போது நீர்தான் ஆவியாகிறது. பாலில் கலந்த மருந்தில் பெரும்பங்கு சட்டியிலேயே தங்கிவிடும்.