கள்ளிக்கும் உண்டு பருவம்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நம் உழவர் பெருமக்களின் பட்டறிவில் விளைந்த பழமொழி. சாக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் அது இன்றும் வழக்கிழந்த மொழியன்று. ஆயினும், எல்லா வித்துக்கும் ஆடியே பட்டமாகுமா? கள்ளி முதலிய சதைப்பற்றுள்ள செடிகளை விதையிலிருந்து வளர்க்க விழைவோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா இதுவே.

இவ்வினாவை எனக்குக் கற்பித்தது ஒரு தோல்வி. சில ஆண்டுகளுக்கு முன் பாலைத்திணை குறித்துப் பாடம் நடத்தியபொழுது, "ஐயா, பாட்டில் வரும் கள்ளி சப்பாத்திக்கள்ளிதானே?" என்று மாணவர் ஒருவர் வினவினார். அன்று. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தே வந்தது. சங்கப் புலவர் கண்ட கள்ளி, பால் வடியும் நம் மண்ணின் கள்ளி. ஆமணக்குக் குடும்பத்தைச் சார்ந்தது. இரண்டையும் அருகருகே வளர்த்துக் காட்ட எண்ணி, ஆடி மாதத்தில் விதைத்தேன். குண்டூசித் தலை போல் பச்சை முளைகள் எழுந்தன. ஐப்பசி அடைமழை தொடங்கிய சில நாள்களில் அடித்தண்டு நைந்து அனைத்தும் சாய்ந்தன. பழமொழி பொய்க்கவில்லை, அதனைப் பொருந்தா இடத்தில் பொருத்திய நானே பிழைபட்டேன்.

ஆடி ஏன் பொருந்தாது?

ஆடியில் விதைத்த பயிர் விரைந்து வளர்ந்து, வரும் மழையை உண்டு தழைக்கும். கள்ளி முளையோ மூன்று திங்கள் கழிந்தும் பட்டாணி அளவைத் தாண்டுவதரிது. தோல் முற்றாத அந்நிலையில் வடகிழக்குப் பருவமழை வந்து சேர்கிறது. ஓயாத ஈரமும் மங்கிய ஒளியும் பூஞ்சைக்கு உகந்தவை. நாற்றழுகல் நோய் ஒரு முளையில் தோன்றினால் தட்டு முழுவதும் பரவிவிடும்.

குளிர்நாட்டார் காட்டும் நெறி

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் இச்செடிகளைக் கண்ணாடிக் குடிலில் வளர்ப்பர். குடிலை வெப்பமூட்ட வசதியுள்ளோர் சனவரி, பிப்ரவரியிலேயே விதைப்பர். வசதியற்றோர் ஏப்ரல், மே வரை காத்திருப்பர். பெரும்பாலான கள்ளி விதைகள் முளைக்க 20 முதல் 30 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். அடுத்த குளிர்காலம் வருமுன் முளை உரம்பெறவும் வேண்டும். அவர்க்குப் பகை குளிர். நமக்குப் பகை அடைமழையும் அக்கினி வெயிலும். பகை வேறாயினும் நெறி ஒன்றே: முளைக்கத் தக்க வெப்பமும், பகைப்பருவம் வருமுன் வளர்வதற்குரிய கால இடைவெளியும் ஒருங்கே வாய்க்கும் நாளைத் தேர்தல்.

நமக்குரிய பருவம்

இவ்வட்டாரத்தில் அந்நாள் தை இறுதியிலும் மாசி முற்பகுதியிலும் வாய்க்கிறது. மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டியும் இரவு வெப்பம் 20 பாகையை ஒட்டியும் நிற்கும். அடுத்த ஐப்பசிக்குள் எட்டுத் திங்கள் வளர்ச்சி கிட்டும். பாலைக்கு வேனிலை உரிய பொழுதாக வகுத்த தொல்காப்பியர், பின்பனியையும் அதற்கு உடன்படுத்தினார். மாசியும் பங்குனியுமே பின்பனி. பாலைநிலத்துச் செடிக்கு நாம் தேர்ந்த காலமும் அதனோடு ஒத்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

விதிவிலக்குகளும் உள. பாலை ரோசா எனப்படும் அடீனியம் வெப்பத்தை விரும்புவது. பங்குனி, சித்திரையிலும் விதைக்கலாம். அதன் விதை புதிதாயிருத்தல் இன்றியமையாதது. தென்னாப்பிரிக்காவின் குளிர்கால மழைப்பகுதிச் செடிகளுக்கு மார்கழிக் குளிரே ஏற்றது. சோற்றுக் கற்றாழைக்கு விதையைத் தேடி அலைய வேண்டா, பக்கக்கன்றே போதும்.

விதைக்கும் முறை

ஆற்றுமணல், செம்மண், செங்கல் தூள் ஆகியவற்றை மணல் மிகுதியாகக் கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவிடுக. நுண்ணிய விதைகளை மேலே தூவினாற் போதும். புதைத்தால் ஒளியின்றி முளைக்கத் தவறும். தட்டை நீரில் அமர்த்தி, அடித்துளை வழியே ஈரம் ஏறச் செய்க. மேலே கண்ணாடித் துண்டொன்றை மூடி, வெயில் நேரே படாத முற்றத்து ஓரத்தில் வைக்க. முளை கண்டபின் மூடியைச் சிறிது சிறிதாக விலக்குக. சித்திரை வெயிலுக்கு நிழல்வலையும் ஐப்பசி மழைக்குக் கூரையும் தேவை. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு நேரும், கவனம் வேண்டும்.

மறு ஆண்டு மாசியில் இவ்வாறே விதைத்தேன். முளைத்தவற்றுள் பெரும்பாலானவை அவ்வாண்டு மழைக்காலத்தைக் கடந்தன.

இது வெறும் பொழுதுபோக்கன்று. அழகுக்காகக் காட்டிலிருந்து பெயர்த்தெடுப்பதால் உலகெங்கும் இவ்வினங்கள் அருகி வருகின்றன. 1975இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையின் காப்புப் பட்டியலில் கள்ளியினங்கள் பல இடம்பெற்றுள்ளன. விதையிட்டு வளர்ப்பவர் காட்டைத் தொடுவதில்லை. நம் ஊர்ப்புறத்திலும் தரிசுகள் மனைகளாகுந்தோறும் கள்ளிவேலி மறைகிறது. பாட்டு எஞ்சி, பாட்டில் வந்த செடி மறைந்துபோனால், உரையாசிரியர் எத்துணை விளக்கினும் மாணவர் நெஞ்சில் பாலை விரியாது. எனவே வரும் மாசியில் ஒரு தட்டில் ஒரு பிடி மணலிட்டுக் கள்ளி விதைப்போம். பொறுத்திருத்தலும் ஒரு கல்வியே என்பதை அச்சிறு முளை நமக்கு உணர்த்தும்.