கடலுக்கு உறை ஊற்றுதல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். வாங்கி வைத்த முதல் ஐந்து வாரமும் அதில் தண்ணீரும் கொஞ்சம் மணலும் நான்கைந்து கற்களும்தான் இருந்தன. வந்தவர்கள் எல்லாம் குனிந்து பார்த்துவிட்டு, "மீன் எங்கே?" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுச் சிறுமி மட்டும் வேறு மாதிரி கேட்பாள். பள்ளி விட்டு வந்ததும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்று, "மாமா, இன்னிக்காவது ஏதாச்சும் பொறந்துச்சா?" என்பாள்.

பிறந்துகொண்டுதான் இருந்தது, கோடிக்கணக்கில். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் குழந்தைக்கு எப்படிக் காட்டுவது? ஒரு நாள் அவளையே சோதனைக் குழாயைப் பிடிக்கச் சொன்னேன். தொட்டித் தண்ணீர் 5 மில்லி. அதில் ஒரு புட்டியிலிருந்து எட்டுச் சொட்டு, இன்னொரு புட்டியிலிருந்து எட்டுச் சொட்டு. மூடிக் குலுக்கிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தோம். மஞ்சளாக இருந்த தண்ணீர் மெல்ல வேப்பிலைப் பச்சைக்கு மாறியது. "பச்சை என்றால் விஷம் இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால், அந்த விஷத்தைத் தின்பவர்கள் பிறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்" என்றேன். அன்றிலிருந்து வாரம் இரண்டு முறை சொட்டு விடும் பொறுப்பு அவளுடையது.

அந்த விஷம் அம்மோனியா. மீன் தன் செவுள் வழியே அதை ஓயாமல் வெளியேற்றுகிறது. மிஞ்சிய இரையும் செத்த உயிரும் அழுகினாலும் அதுவே வரும். கடலின் விரிவில் அது கரைந்து காணாமல் போகும். 57 லிட்டர் பெட்டிக்குள் போக இடம் இல்லை. அதிலும் கடல்நீர் காரத்தன்மை கொண்டது, பி.எச். 8-க்கு மேல். காரம் கூடக் கூட அம்மோனியாவின் நச்சு வடிவமும் கூடும். நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு இங்கே உயிரைக் குடித்துவிடும்.

இதற்கு மருந்து கடையில் இல்லை, கல்லிலும் மணலிலும் குடியேறும் நுண்ணுயிர்களில் இருக்கிறது. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும், அது அவ்வளவு கொடியதல்ல. இந்த இரண்டு கூட்டமும் சோம்பேறி வேகத்தில் பெருகும். தயிராக்கும் நுண்ணுயிர்கள் ஓரிரவில் ஒரு சட்டிப் பாலை உறைய வைத்துவிடும். இவை ஒரு முறை இரட்டிக்கவே ஏறத்தாழ ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். அதனால்தான் நான்கு முதல் ஆறு வாரக் காத்திருப்பு.

நான் செய்தது பால் உறை குத்தும் அதே வேலை. ஐந்து வருடமாக நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நண்பரின் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலை, காயவிடாமல் ஈரத்தோடு கொண்டுவந்து போட்டேன். பிறகு ஒரு உரித்த இறாலை வலைத்துணியில் முடிந்து தண்ணீரில் தொங்கவிட்டேன். இறால் அழுகி அம்மோனியா தந்தது. அதைத் தின்று நுண்ணுயிர் பெருகியது. செலவு ஒரு இறால். இந்த வாரங்களைப் பொறுக்க முடியாமல் மீனை வாங்கி விட்டு, செத்ததும் மறுபடி வாங்கி விட்டு, கடைசியில் தொட்டியையே பரணில் ஏற்றிவிட்டவர்கள் எத்தனையோ பேர். கடல்தொட்டி பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற பேச்சு பெரும்பாலும் அந்த அவசரத்தில் பிறந்தது என்று நினைக்கிறேன்.

என்னை இன்றும் சிலிர்க்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. அம்மோனியாவை இப்படி மாற்றுவது பாக்டீரியாக்கள் மட்டுமே என்று அறிவியல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிவந்தது. 2005-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு உயிரைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்கள். அது பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற முற்றிலும் வேறான குலத்தைச் சேர்ந்தது. பெயர் நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதன் உறவுக்காரர்கள் உலகக் கடல்களில் மிக ஏராளமாக வாழும் உயிர்க்குடிகளுள் ஒன்று என்பதும், கடலின் நைட்ரஜன் சுழற்சியில் பெரும் பங்கு அவற்றுடையது என்பதும் அதன்பின் தெளிவாயிற்று. அது கிடைத்த இடம் ஆழ்கடல் அல்ல. சியாட்டில் நகர மீன்காட்சியகத்தின் வெப்பமண்டலக் கடல்தொட்டி ஒன்றின் அடியில் கிடந்த கூழாங்கல் படுகை. கடலின் பெரிய ரகசியங்களுள் ஒன்று ஒரு தொட்டிக்குள் கிடந்திருக்கிறது!

தொட்டிக்குள் கடலைக் குடிவைக்கும் முயற்சிக்கு வயது 170-க்கு மேல். 1846-இல் அன்னா தைன் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து சிறு கல்பவளங்களை ஜாடியில் லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே காற்றுப் பம்பு ஏது, மின்சாரம் ஏது? அவர் வீட்டுப் பணிப்பெண் நாள்தோறும் திறந்த ஜன்னலருகே நின்று, அந்தக் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் மாற்றி மாற்றி ஊற்றுவார். நம் டீக்கடை மாஸ்டர் ஆற்றுவது போலவேதான். விழும்போது நீர் காற்றை வாங்கிக்கொள்ளும். அடுத்த ஆண்டு கடற்பாசிகளையும் சேர்த்தார். பவளங்கள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்தன. அந்தப் பணிப்பெண்ணின் கைகளை நினைக்காமல் என்னால் என் காற்றுப் பம்பின் சத்தத்தைக் கேட்க முடிவதில்லை.

1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் தன் முறையை எழுதி வெளியிட்டார். உயிர் குடியிருக்கும் பாறைகள், மெல்லக் குமிழிடும் காற்று, நல்ல வெளிச்சம், அவ்வளவுதான். பாறையின் வெளிப்புறத்தில் காற்றை விரும்பும் நுண்ணுயிர்கள். உள்ளே, காற்று எட்டாத நுண்துளைகளில், நைட்ரேட்டையும் உடைத்து வெறும் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும் வேறு கூட்டம். வடிகட்டும் எந்திரம் பாறைதான். கையில் காசு குறைவாக இருப்பவர் பின்பற்ற வேண்டிய ஆசான் அவர்.

ஆனால் அவர் பயன்படுத்திய பவளப்பாறையை நாம் அப்படியே எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. இந்தியாவில் கல்பவளம் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததற்கு நாம் கொடுத்த விலை கண்முன் இருக்கிறது. அங்கிருந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. ஆகவே "உயிர்ப்பாறை" என்று யாராவது வெள்ளைப் பவளத்துண்டை நீட்டினால் வாங்காதீர்கள். உயிருள்ள பவளம் வேண்டுமென்றால் எங்கே வளர்ந்தது, எந்தத் தாளோடு வந்தது என்று கேளுங்கள். தாள் இல்லையென்றால் திரும்பி நடந்துவிடுங்கள். என் தொட்டியில் பவளம் இல்லை. குறையாகத் தோன்றவும் இல்லை.

பாறையை நானே செய்தேன். சிமென்ட் ஒரு பங்கு, நொறுக்கிய சிப்பி ஓடு இரண்டு பங்கு, கல்லுப்பு இரண்டு பங்கு. தண்ணீர் குறைவாக விட்டு, கொழுக்கட்டை மாவு பதத்துக்குப் பிசைந்து, ஈர மணலில் குழி தோண்டி அதில் அள்ளிப் போட்டுக் கையாலேயே குகையும் வளைவுமாக உருக்கொடுத்தேன். இறுகியதும் நன்னீரில் ஊறப்போட்டால் கல்லுப்பு கரைந்து வெளியேறும். அது இருந்த இடமெல்லாம் துளையாக நிற்கும். நுண்ணுயிர்களுக்கு ஆயிரம் அறைகள் கொண்ட மாளிகை! ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. புதுச் சிமென்ட் தண்ணீரைக் கடுங்காரமாக்கிவிடும். தண்ணீரை மாற்றி மாற்றி ஆறு, எட்டு வாரம் ஊறவைத்து, பி.எச். கடல்நீர் அளவுக்கு இறங்கியதை உறுதி செய்த பிறகே தொட்டிக்குள் போக வேண்டும். மொட்டை மாடியில் ஒரு பழைய டிரம்மில் என் பாறைகள் இரண்டு மாதம் கிடந்தன.

தண்ணீரில் போடவும் கல்லுப்பு போதாதா என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதில் 85 சதவீதத்துக்கு மேல் சமையல் உப்பின் கூறுகளான சோடியமும் குளோரைடும்தான். மீதியில்தான் சூட்சுமம். லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவில் மெக்னீசியம், 400-ஐ ஒட்டிக் கால்சியம், இன்னும் பலவும். உப்பளத்தில் பாத்தி கட்டி நீரை வற்றவிடும்போது கால்சியம் சார்ந்தவை முதலில் படிந்துவிடும். பிறகு உப்பு பூக்கும். மெக்னீசியம் மிஞ்சிய கசப்புத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். சமையலறை உப்பு என்பது, நத்தை ஓட்டுக்கும் செம்பாசிக்கும் தேவையானதையெல்லாம் விலக்கி எடுத்த உப்பு. அதனால் கடல்தொட்டிக்கென்றே செய்த உப்புக் கலவையை வாங்கத்தான் வேண்டும். என் தொட்டிக்கு முதல் முறை 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. இப்படி ஒரு கலவையைத் தொழிற்சாலையில் செய்ய முடிவதே ஓர் அதிசயம். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் பல கடல்களிலிருந்து கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்துப் பார்த்தார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், முக்கியமான பொருட்கள் ஒன்றுக்கொன்று நிற்கும் விகிதம் எங்கும் கிட்டத்தட்ட ஒன்றே என்று கண்டார்.

கரையோரத்தில் இருப்பவருக்கு இன்னொரு வழி, கடலையே கேட்பது. தெரிந்த மீனவர் ஒருவரிடம் நான்கு கேன் கொடுத்துப் பார்த்தேன். "கரைத்தண்ணி வேணாம் தம்பி, சாக்கடை கலந்திருக்கும். உள்ள போயி தெளிஞ்ச எடத்துல மொண்டுட்டு வர்றேன்" என்றார். அப்படி வந்த தண்ணீரை மூடி, இருட்டில் இரண்டு வாரம் வைத்து, தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் நம் கரையோரக் கடலில் ஆற்று நீரும் மழைநீரும் கலந்து உப்பு குறைந்துவிடும். எப்போது எடுத்தாலும் அளந்து பார்க்காமல் ஊற்றாதீர்கள். ஒப்படர்த்தி 1.025 இருக்க வேண்டும்.

நம்மூர்த் தொட்டிக்குப் பெரிய எதிரி வெயில். குளிர்நாட்டுக் குறிப்புகளில் முதலில் ஹீட்டரை வாங்கச் சொல்லியிருக்கும். இங்கே அந்தக் காசு மிச்சம். மே மாதப் பிற்பகல் ஒன்றில் என் தெர்மாமீட்டர் 31 டிகிரி காட்டியது. வேண்டியது 26 அளவில். சூடான உப்புநீரில் ஆக்சிஜனும் குறைவு. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஏற்கும். கடல்நீர் ஏறத்தாழ 6.7 மட்டுமே. குளிரூட்டும் எந்திரத்தின் விலை தொட்டி, பாறை, உப்பு எல்லாவற்றையும் சேர்த்தாலும் மிஞ்சும். நான் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேனை நீர்மட்டத்தைப் பார்த்தபடி கட்டினேன். மண்பானை செய்யும் வேலையே இதுவும். 100 மில்லி தண்ணீர் ஆவியாகிப் போகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம், என் தொட்டி முழுவதையும் கிட்டத்தட்ட 1 டிகிரி குளிர்விக்கப் போதும். அரை டம்ளர் தண்ணீருக்கு அவ்வளவு வலிமை! கூடத்துச் சூடு மறுபடி உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஃபேன் நிற்காமல் ஓட வேண்டும். ஈரக்காற்று கனத்த நாட்களில் பலன் குறையும். இருந்தாலும் அந்தக் கோடை முழுக்க 28-க்கு மேல் போகாமல் தாங்கிவிட்டது.

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே குறைந்ததை நிரப்ப நல்ல தண்ணீரே ஊற்ற வேண்டும், உப்புநீர் அல்ல. வீட்டு ஆர்.ஓ. கருவி இருந்தால் அதன் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரால் பாருங்கள். சில கருவிகள் ருசிக்காகத் தாதுக்களைத் திரும்பக் கலந்துவிடுகின்றன. தொட்டிக்கு அது வேண்டாம். கரண்ட் போனால் ஓடும் பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்றும் கையில் இருக்கட்டும்.

ஐந்தாம் வாரக் கடைசியில் குழாய் மஞ்சளாகவே நின்றது. நைட்ரைட் குழாயும் ஊதா ஏறாமல் நீலமாகவே இருந்தது. அடுத்த சில வாரம் கற்கள் மேல் பழுப்புப் படலம், பிறகு பச்சை. பயப்படவில்லை, அதை மேயவிட நத்தைகள் நான்கைச் சேர்த்தேன். பிறகுதான் சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போய், பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் இரண்டைக் கேட்டு வாங்கினேன். கோமாளி மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறையை நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே உருவாக்கியிருக்கிறது. அப்படியிருக்க, பவளத்திட்டிலிருந்து பிடித்ததை வாங்க ஒரு காரணமும் இல்லை. இரண்டும் குட்டிகள். கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆண். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அந்தப் பெண் போய்விட்டால் அடுத்த ஆண் பெண்ணாகும்.

மீன் வந்த அன்று சிறுமி ஓடிவந்தாள். சிறிது நேரம் மீன்களைப் பார்த்தாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கண்ணாடிமேல் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். வெள்ளைப் புள்ளிகள் தத்தித் தத்தி ஓடின. கோப்பிபாடுகள் என்னும் மிகச் சிறு உயிர்கள். அந்த ஒரு பிடி மணலோடு வந்தவை, யாரும் காசு கொடுத்து வாங்காதவை. லென்ஸ் வழியே பார்த்தவள், ஒன்றின் வாலடியில் குட்டி மூட்டை தொங்குகிறதே என்றாள். முட்டைப்பை. லென்ஸைத் திருப்பித் தராமல் எண்ணத் தொடங்கினாள். நாற்பதைத் தாண்டியதும் அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.