திரும்பும் நேரம் எத்தனை மணி?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, இரவு 9.40 மணி. நெகிரி செம்பிலானில் ஒரு மலையடிவாரத்தில் என் சின்னம்மா காரின் விளக்கை எரியவிட்டுக் காத்திருந்தார். நாங்கள் ஆறு பேரும் காட்டிலிருந்து வெளியே வந்தோம். பதினாறு வயதான அவர் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்தாள். சின்னம்மா எங்களை ஒவ்வொருவராக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் காரில் ஏறி உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எந்த மலை என்று சொல்லப்போவதில்லை. தப்பு மலையினுடையது அல்ல. குழுவில் மூத்தவள் நான், தப்பு என்னுடையது.

அன்று மதியச் சாப்பாட்டை முடித்து, அரட்டையும் அடித்துவிட்டு, இரண்டு மணிக்குத்தான் ஏறத் தொடங்கினோம். “பத்துமலைப் படி 272ஐயும் நிற்காமல் ஏறுகிறவர்கள் நாம், இது என்ன பெரிய மலை” என்று நான்தான் சொன்னேன். படிக்கட்டில் ஒவ்வொரு படியும் ஒரே உயரம். காட்டுப் பாதையில் ஓர் அடி வேர், அடுத்த அடி வழுக்கும் களிமண், அதற்கடுத்த அடி முழங்கால் உயரப் பாறை. உச்சியை அடைந்தபோது மணி 5.20. படம் எடுத்து, மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துத் தீர்த்து, இறங்கத் தொடங்கியபோது ஆறு.

நம் தீபகற்பத்தில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30க்கும் இடையில்தான் சூரியன் மறைகிறது. நில நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தி நீண்ட நேரம் நிற்காது. மரங்கள் கூரை போட்ட காட்டுக்குள்ளோ இன்னும் சீக்கிரமே இருட்டிவிடும். ஆறே முக்காலுக்கெல்லாம் கால் வைக்கும் இடம் எங்களுக்குத் தெரியவில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் இறங்கினோம். தங்கச்சி ஒரு வேரில் கால் மடங்கி விழுந்தாள். அவளைத் தூக்கிவிட்டு நடந்தால், விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்துக்கு அப்பால் பாதையைக் காணோம். இரண்டு கைப்பேசிகள் அணைந்துவிட்டன. மூன்றாவதில் சின்னம்மாவை அழைத்தபோது 12 விழுக்காடு மின்கலம் இருந்தது.

அன்று நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம், அதற்குமேல் நடக்காமல் அதே இடத்தில் உட்கார்ந்ததுதான். அதுவும் அறிவால் அல்ல, அவளால் நடக்க முடியாததால். வழி தவறியவர்கள் “இப்படித்தான் இருக்கும்” என்று இறங்கிக்கொண்டே போனால் தேடி வருபவர்களை விட்டு விலகித்தான் போவார்கள். ஒரு மணி நேரம் கழித்து, நெற்றி விளக்குகளோடு மேலேயிருந்து இறங்கிய மலாய் இளைஞர் குழு ஒன்று எங்கள் குரலைக் கேட்டு வந்தது. பாதை எங்களிடமிருந்து இருபது அடி தூரத்தில்தான் இருந்தது.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் சின்னம்மா வீட்டில் மலை என்ற சொல்லையே எடுக்க முடியவில்லை.

இந்த ஆண்டு தங்கச்சி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். “அக்கா, மறுபடியும் போவோம். அம்மாகிட்ட நீங்கதான் கேக்கணும்” என்றாள். நான் கேட்கப் போனேன். சின்னம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எத்தன மணிக்குத் திரும்புவீங்க?”

வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவோம் என்பதைத்தான் அவர் கேட்டார். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. மலையில் எத்தனை மணிக்குத் திரும்புவது என்று நாங்கள் அன்று யோசிக்கவே இல்லை.

வில்லியம் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் சொன்னால் ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். மூன்று கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் ஒரு மணி 36 நிமிடம். இது குளிர் நாட்டில், நடந்து பழகியவர்களுக்கு. நம் வெக்கையிலும் வேர்ப் பாதையிலும் புதியவர்கள் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது. இறங்கவும் ஏறக்குறைய அதே நேரத்தை வைக்க வேண்டும். இறக்கம் சுலபம் என்று நினைப்பது பிழை. கால் சோர்ந்து, கவனம் சிதறி, முழங்கால் நடுங்கும் நேரம் அதுதான்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சின்னம்மா வீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஒட்டினேன். எந்த மலை, யார் யார், எத்தனை மணிக்கு ஏற்றம், எத்தனை மணிக்குத் திரும்புவது, எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் 999க்கு அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. சின்னம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு “சரி” என்றார்.

முதலில் செமினிக்கு அருகிலுள்ள புரோகா மலைக்குப் போனோம். உயரம் 400 மீட்டர் அளவுதான். லாலாங் புல் மூடிய திறந்த குன்று. சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களால் விடியற்காலையில் கலகலப்பாக இருக்கும். நிழல் குறைவு, பத்து மணிக்கு மேல் வெயில் வாட்டிவிடும். யாருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவை, யார் பசியாறாமல் வந்து மயங்குகிறார், யாருடைய காலணி கடிக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிட்டது. மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்பது என் கணக்கு. தங்கச்சிக்கு அது போதவில்லை.

காலணி பற்றி ஒரு வார்த்தை. புதிதாக ஏறுகிறவர்கள் முதலில் விலையுயர்ந்த மலையேற்றக் காலணியைத்தான் தேடுகிறார்கள். நம் ஊர் மலைக்காரர்கள் பலரின் காலில் இருப்பதோ ‘கம்போங் அடிடாஸ்’ என்று கேலியாகச் சொல்லப்படும் கறுப்பு ரப்பர் காலணி. அடியில் குமிழ் குமிழாக இருப்பதால் சேற்றில் பிடிக்கும், நனைந்தாலும் கனக்காது. பால்மரம் சீவியவர்கள் போட்ட அதே காலணிதான். என் பாட்டி அதைப் பார்த்ததும், “இந்தச் சப்பாத்துக்கா இவ்வளவு பேச்சு?” என்று சிரித்தார். நெற்றி விளக்கைக் காட்டினேன். “இது இல்லாம இருட்டுல எப்படி மரம் சீவுறது?” என்றார். அட்டைக் கடிக்கு அந்தக் காலத்தில் சுண்ணாம்பும் புகையிலையும் வைத்தார்களாம். அவ்வளவு தேவையில்லை. நகத்தால் அதன் வாய்ப் பக்கம் மெதுவாக நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஏதோ செலுத்துவதால் சற்று நேரம் கசியும். கழுவிக் கட்டுப் போட்டால் போதும்.

பாட்டியிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட இன்னொன்று பெரட்டு. தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுப்பார்களே, அது. இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணுகிறோம். மெதுவாக நடப்பவர் முன்னால், நான் கடைசியில்.

மூன்று வாரம் கழித்து ரெம்பாவிலுள்ள டத்தோ மலை. 884 மீட்டர். வேர்களைப் பிடித்து ஏறும் செங்குத்துப் பாதை. உச்சியில் பெரும் பாறைகள், அவற்றில் ஏற இரும்பு ஏணிகள். மதியத்தில் இடி மின்னல் வரும் நாட்டில் அந்த ஏணியில் நிற்க எனக்கு ஆசை இல்லை. அதனால் திரும்பும் நேரம் 11 மணி என்று வைத்தோம்.

போகுமுன் அனுமதி விவரங்களைச் சரிபார்த்தோம். 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி நிரந்தர வனக் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். கடினமான மலைகளுக்கு ‘மாலிம் குனோங்’ எனப்படும் வழிகாட்டியும் வேண்டும். ஏறுபவர் பெயர் எங்காவது பதிவாகியிருந்தால்தான் காணாமல் போனதே மற்றவர்களுக்குத் தெரியவரும். சிலர் இதை வீண் செலவு என்கிறார்கள். இருட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

7.45க்கு ஏறத் தொடங்கினோம். தங்கச்சியின் தோழிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மூன்று முறை நின்றோம், உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் கொடுத்தோம். 11 மணிக்கு இன்னும் மரங்களுக்குள்தான் இருந்தோம். மேலேயிருந்து இறங்கிய ஒரு பாக்சிக் சிரித்துக்கொண்டே “சிக்கிட் லாகி” என்றார். மலேசிய மலைகளில் எல்லாரும் சொல்லும் பொய் அது. அந்த ‘இன்னும் கொஞ்சம்’ ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், ஐம்பதாகவும் இருக்கலாம்.

“அக்கா, இவ்வளவு தூரம் வந்துட்டு…” என்றாள் தங்கச்சி.

“மணி பதினொண்ணு.”

“வானம் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க!”

தெளிவாகத்தான் இருந்தது. அன்று மாலை வரை ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. இறங்கும் வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கும் அந்தப் பாறைகளைப் பார்க்காமல் வந்ததில் வருத்தம்தான். ஒன்றரைக்கு அடிவாரம் வந்து ஆட்களை எண்ணி, சின்னம்மாவுக்கு அழைத்தேன்.

“அதுக்குள்ளயா? மேல போகலையா?”

“போகல சின்னம்மா. நேரமாயிடுச்சு.”

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, “சாப்பிட்டீங்களா?” என்றார்.

அன்றிரவு புலனத்தில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: “அந்த ரப்பர் சப்பாத்து எனக்கு ஆறாம் சைசுல கிடைக்குமா?”