உங்களுக்குத் தெரியுமா? கெஸ்டபோ சீல் வைத்த நாட்குறிப்பு!
'சிகாகோ ட்ரிப்யூன்' நிருபராக இந்தியாவுக்கு வந்து, 1931-இல் காந்தியைச் சந்தித்தவர் அமெரிக்கரான வில்லியம் ஷைரர். 1937-இல் சிபிஎஸ் வானொலியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டபின் பெர்லினிலிருந்து அவர் பேசிய ஒவ்வொரு வரியும் நாஜித் தணிக்கையைத் தாண்டியாக வேண்டும். வானொலியில் சொல்ல முடியாததையெல்லாம் ரகசியமாக நாட்குறிப்பில் எழுதிவந்தார்.

1940 டிசம்பரில் பெர்லினை விட்டுக் கிளம்பும்போது அதை இரும்புப் பெட்டிகளின் அடியில் போட்டார். மேலே, தணிக்கை முத்திரை குத்திய ஒலிபரப்புத் தாள்களை அடுக்கினார். பிறகு பெட்டிகளை நேரே நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் அலுவலகத்துக்கே கொண்டுபோனார். சோதித்து சீல் வைத்துக் கொடுத்ததும் அவர்களேதான்! எப்பேர்ப்பட்ட நெஞ்சுரம்!

அடுத்த ஆண்டே அது 'பெர்லின் டைரி' என்ற நூலானது. நாஜி ஜெர்மனியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் சொல்லும் அவருடைய ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட பெருநூல் வந்தது 1960-இல். காந்தியைப் பற்றிய நினைவு நூலை 1979-இல்தான் எழுதி வெளியிட்டார்.