மாண்ட மூளை மீளுமா?

வெட்டிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்து, மறுபடியும் பால் தருவதை இரப்பர்த் தோட்டத்தில் உழைப்போர் அனைவரும் அறிவர். மனித உடலிலும் இத்தகைய வளர்ச்சி உண்டு. கத்தி பட்டுக் கிழிந்த தோல் சில நாட்களில் கூடிவிடுகிறது. முறிந்த எலும்பு பொருந்திவிடுகிறது. ஈரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும், எஞ்சிய பகுதி வளர்ந்து அதனை ஈடு செய்கிறது. பழுதுற்ற இதயத்திற்குப் பதிலாக வேறொருவரின் இதயத்தைப் பொருத்தும் அறுவை மருத்துவம் 1967ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவில் நடைபெற்றது. ஆயினும், மாண்டுபோன மூளையை மட்டும் எவராலும் உயிர்ப்பிக்க இயலவில்லை. இதற்குக் காரணம் யாது? இதனை அறிவதால் நாம் அடையும் பயன் யாது?

சேமிப்பு இல்லாத உறுப்பு

மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். உடல் எடையில் அது நூற்றுக்கு இரண்டு பங்கே ஆகும். எனினும், உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே செலவாகிறது. நிமிடந்தோறும் ஏறக்குறைய முக்கால் லிட்டர் இரத்தம் மூளைக்குச் செல்கிறது.

கால் தசைகள் இரத்த ஓட்டமின்றி ஒரு மணி நேரத்திற்கு மேலும் தாங்கவல்லவை. மூளையோ அன்றன்றைக்கு அரிசி வாங்கி உலை வைக்கும் வீட்டைப் போன்றது. பிராணவாயுவை அது சேர்த்து வைப்பதில்லை. இதயம் நின்றால் பத்து இருபது விநாடிகளுக்குள் நினைவு தப்புகிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்குகிறது. எவ்வித உதவியுமின்றிப் பத்து நிமிடங்கள் கடந்துவிட்டால், பழைய நிலைக்கு மீள்வது அரிதாகும்.

உள்ளே நிகழ்வது என்ன?

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. தம்முள் புகும் உப்பை இவை ஓயாது வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. பிராணவாயு நின்றதும் இவ்வேலைக்கு வேண்டிய ஆற்றல் தீர்ந்துவிடுகிறது. உப்பும் அதனைத் தொடர்ந்து நீரும் உட்புக, அணுக்கள் வீங்குகின்றன. பின்னர்க் கால்சியம் பெருமளவில் புகுந்து, அணுவுக்குள் இருக்கும் செரிமானப் பொருள்களைத் தூண்டிவிடுகிறது. அவை அணுவின் சுவரையே அரித்துவிடுகின்றன.

மண்டையோடு விரிந்து கொடுக்காத எலும்புப் பெட்டியாகும். அதனுள் மூளை முழுவதும் வீங்கினால் அழுத்தம் மிகுந்து, இதயம் மீண்டும் துடித்தாலும் இரத்தம் உட்செல்ல வழியின்றிப் போகிறது.

மங்கில் உறைந்துவிட்ட பாலை மீண்டும் ஓடும் பாலாக்க யாராலும் முடியாது. மாண்ட மூளையின் நிலையும் அதுவே. தோலணுவைப் போல நரம்பணு பிரிந்து பெருகுவதும் இல்லை. நம் நினைவும் அறிவும் குணமும் நரம்பணுக்களுக்கு இடையிலுள்ள எண்ணற்ற தொடர்புகளில் அமைந்தவை. அத்தொடர்புகள் அழிந்தால், அம்மனிதரை மீட்டுத் தரும் மருந்து இல்லை.

2019ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர்கள், கொல்லப்பட்டு நான்கு மணி நேரமான பன்றிகளின் மூளைகளில் தனிவகைத் திரவத்தைச் செலுத்தினர். சில அணுக்கள் மீண்டும் இயங்கின. ஆயின், உணர்வுக்கு அறிகுறியான மின் இயக்கம் அம்மூளைகளில் சிறிதும் தோன்றவில்லை.

1999ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் உறைபனிக்கு அடியில் நீரில் சிக்கிய பெண்மணி ஒருவர், 80 நிமிடங்களுக்குப் பின் மீட்கப்பட்டு உயிர் பிழைத்தார். அவரது உடல் வெப்பம் 13.7 பாகைக்கு இறங்கியிருந்தது. அவரது மூளை மாண்டு பிழைக்கவில்லை. கடுங்குளிர் அதனை மாளாமல் காத்தது. அம்மோனியா கலந்த பால் உறையாதிருப்பதைப் போன்றது இது. வெப்பம் மிகுந்த நம் நாட்டில் இத்தகைய பாதுகாப்பை எதிர்பார்த்தல் ஆகாது.

மயக்கம் வேறு, மூளைச்சாவு வேறு

சாலை விபத்தில் தலையில் அடிபட்ட மகனின் நெஞ்சு ஏறி இறங்குகிறது; உடல் சூடாக இருக்கிறது. மூளை மாண்டுவிட்டதென மருத்துவர் கூறினால், பெற்ற மனம் எவ்வாறு ஏற்கும்? நெஞ்சை ஏற்றி இறக்குவது இயந்திரம். இதயம் தனக்குரிய மின் தூண்டலால் சிறிது காலம் துடிக்கவல்லது. ஆழ்ந்த மயக்கத்தில் மூளையணுக்கள் உயிருடன் இருப்பதால், மீளும் வாய்ப்பு உண்டு. மூளைச்சாவில் அவ்வாய்ப்பு இல்லை. கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா, தொண்டையைத் தூண்டினால் இருமல் எழுகிறதா, இயந்திரத்தை நிறுத்தினால் மூச்சு வருகிறதா என்று சிறப்பு மருத்துவர்கள் சோதித்த பின்னரே அம்முடிவைக் கூறுகின்றனர். ஐயமிருப்பின் குடும்பத்தார் தயங்காது வினவலாம்.

நம் கையிலுள்ள நிமிடங்கள்

மாண்டபின் மீட்க இயலாது என்பதனால், மாளுமுன் காப்பதே ஒரே வழியாகும். ஒருவர் மயங்கி விழுந்தால் விசிறுவதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும், வண்டி வரட்டுமெனக் காத்திருப்பதும் விலைமதிப்பற்ற நிமிடங்களை வீணாக்கும்.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லாமலும் இயல்பான மூச்சு இல்லாமலும் இருந்தால், ஒருவர் உடனே 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும். இடையிடையே எழும் திணறலை மூச்சென்று எண்ணிவிடலாகாது. மற்றொருவர் அவரைக் கெட்டியான தரையில் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் ஓர் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் மறுகையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். வேகம் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் நெஞ்சு முழுதும் மேலெழ விடவேண்டும். இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாறி, உதவி வரும்வரை தொடர வேண்டும். இவ்வாறு அழுத்தும்போது மூளைக்குச் சிறிதளவேனும் இரத்தம் செல்கிறது. 1960ஆம் ஆண்டு முதல் உலகறிந்த முறை இது.

மின்சாரம் தாக்கியிருந்தால் முதலில் மின்னோட்டத்தை நிறுத்துங்கள். மின்னல் தாக்கியவரைத் தொட அஞ்ச வேண்டியதில்லை. அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. நீரில் மூழ்கியவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டுவதும் இன்றியமையாதது. அதனை முறையாகப் பயின்று கொள்க.

தோட்டத்திலிருந்து மருத்துவமனை தொலைவில் இருக்கலாம். உடன் வேலை செய்பவரின் கைகளோ அருகிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு லயத்திலும் இருவரேனும் இம்முதலுதவியைக் கற்றுக்கொள்வார்களாயின், மருத்துவர் வரும்வரை ஓர் உயிர் காத்திருக்கும்.